வீட்டுக்காரி

எங்கள் ஊரில் யாருக்காவது மனு எழுத வேண்டுமென்றால் என்னிடம்தான் வருவார்கள். பத்தாவது வரை படித்தவன். கையெழுத்து அச்சடித்தது மாதிரி இருக்கும் என்று ஊரில் ஒரு பேர். முதியோர் பணம் நின்றுபோனாலும் சரி, ரேஷன் கார்டில் பிள்ளை பெயரைச் சேர்ப்பதானாலும் சரி, பட்டாசுக் கம்பெனி வேனிலிருந்து நான் இறங்கும்போது வாசலில் யாராவது ஒரு வெள்ளைத்தாளோடு நிற்பார்கள். முகத்தைக் கழுவிக்கொண்டு உட்கார்ந்து எழுதிக் கொடுப்பேன்.

அந்த மனுக்களில் பாதி, வீடு கேட்டு எழுதியவை. சொந்தமாக இடம் இருந்து, வறுமைக்கோட்டுப் பட்டியலிலும் பெயர் இருந்தால் யூனியன் ஆபீஸில் சர்க்கார் வீட்டுக்கு மனுக் கொடுக்கலாம். முறை வந்தால் சிமெண்டும் கம்பியும் கதவும் ஜன்னலும் அங்கேயே கொடுப்பார்கள். வேலை ஆக ஆகப் பணமும் தவணையாக வரும். இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த அந்த வறண்ட வருடங்களில், காட்டு வேலை அநேகமாக நின்று எல்லோரும் பட்டாசுக்கும் தீப்பெட்டிக்கும் போய்விட்ட சமயத்தில், எங்கள் ஊரில் முளைத்ததெல்லாம் இந்த வீடுகள்தான்.

நான் மனு எழுதிக் கொடுத்த வீடு எழும்பினால் எனக்கு வயிறு எரியும். கிழக்குத் தெருவில் ஒருவர் தளம் போட்ட அன்று என்னைத் தனியாகக் கூப்பிட்டு உட்கார வைத்து லட்டும் காரச்சேவும் கொடுத்தார். "நீங்க எழுதிக் குடுத்த நேரம்ணே" என்றார் அவர் மனைவி. நல்ல சாத்தூர்ச் சேவு. பாதியை வைத்துவிட்டு எழுந்துவிட்டேன். அந்தப் பச்சைச் சிமெண்ட் வாசனை வீடு வரைக்கும் என் கூடவே வந்தது.

என் வீட்டைச் சொல்ல வேண்டும். ஏழாயிரம்பண்ணைக்குத் தெற்கே, கரிசல் காட்டை ஒட்டி, என் அப்பா பண்ணையில் வேலை பார்த்த காலத்தில் எழுப்பிய மண்சுவர். மேலே பனை ஓலை. நடுவில் ஒரு தட்டியை வைத்து மறைத்து, அந்தப் பக்கம் அண்ணன் குடும்பம், இந்தப் பக்கம் நானும் மனைவியும் இரண்டு பெண் பிள்ளைகளும். அங்கே கருவாடு வறுத்தால் இங்கே சோறு கூடுதலாக இறங்கும். பின்னால் கொஞ்சம் காலி இடம் இருந்தது. அதில் அண்ணன் பாகம் போக ஒரு வீடு கட்டும் அளவுக்கு எனக்கும் பாத்தியதை உண்டு.

ஊருக்கெல்லாம் எழுதியவன் எனக்கென்று ஏன் எழுதவில்லை என்றால், எழுதாமல் இல்லை. எழுதினேன். என் பெயரில் எழுதினேன். இந்த வீடுகளைப் பெண்கள் பெயரில்தான் கொடுப்பார்கள் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். மற்றவர்களுக்கு எழுதும்போதெல்லாம் அந்தந்த வீட்டுப் பெண்ணின் பெயரைத்தான் எழுதினேன். எனக்கென்று வந்தபோது கை கேட்கவில்லை. படித்தவன், மனு எழுதுகிறவன், என் பெயரைப் பார்த்தால் ஆபீஸில் ஒரு மரியாதை இருக்காதா என்று நினைத்தேன்.

ஆபீஸ் கிளார்க் தாளை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

"வீட்டுக்கார அம்மா பேர்ல எழுதிட்டு வாங்க."

"சார், இடம் என்னோடது."

"இடம் உங்களோடதா இருக்கட்டும். வீடு அவங்க பேர்லதான். அம்மா இல்லாத வீடுன்னா சொல்லுங்க, வேற மாதிரி பார்ப்போம்."

எதிரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து வேறு தாளில் எழுதினேன். மனுதாரர் என்ற இடத்தில் அவள் பெயர். வயது என்ற இடத்தில் ஒரு வயதைப் போட்டேன். கணவர் பெயர் என்ற இடத்தில் என் பெயர். கையெழுத்து வாங்க வீட்டுக்கு வந்தபோது அவள் சோறு வடித்துக்கொண்டிருந்தாள். கம்பெனியில் அவளுக்குச் சரவெடி பின்னும் வேலை. வெடிமருந்தின் சாம்பல் நிறம் நகக்கண்ணில் எப்போதும் இருக்கும். சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு தாளை வாங்கினாள்.

"இங்கன போடு" என்றேன்.

அவள் உடனே போடவில்லை. ஐந்தாவது வரை படித்தவள். எழுத்து எழுத்தாக விரலை நகர்த்திப் படித்தாள்.

"என் பேரா?"

"அது சும்மா ஒரு ரூலு. பேருக்குத்தான்."

"நீங்க என் பேரை எழுதி இன்னைக்குத்தான் பாக்குறேன்" என்றாள். பிறகு மெதுவாகக் கையெழுத்துப் போட்டாள்.

பேருக்குத்தான் என்று நான் சொன்னதற்குக் காரணம் இருந்தது. எங்கள் பஞ்சாயத்துத் தலைவர் பதவி அப்போது பெண்களுக்கு ஒதுக்கியிருந்தது. தலைவர் என்று போர்டில் ஒரு அம்மாவின் பெயர் இருக்கும். ஆனால் ஊரில் எல்லோரும் தலைவரே என்று கூப்பிட்டது அவருடைய கணவரை. மோட்டார் சைக்கிளில் போவது அவர், கூட்டத்தில் நடுவில் உட்காருவது அவர். அந்த அம்மா மாடு பிடித்துக் கட்டிக்கொண்டிருப்பார். எழுத்தில் யார் பெயர் இருந்தால் என்ன, நடப்பில் ஆம்பளைதானே என்று நான் அவரைப் பார்த்துத்தான் தெம்பாக இருந்தேன்.

அப்புறம் காத்திருப்புதான். ஒரு தடவை கணக்கெடுப்பு வந்தது, ஒரு தடவை பட்டியலே மாறிவிட்டது என்றார்கள். கடைசியில், யாருக்கு முன்னால் யார் என்று சண்டை வராமல் இருக்க, காத்திருப்போர் பட்டியலைப் பஞ்சாயத்து ஆபீஸின் வெளிச்சுவரில் பெயிண்டால் எழுதினார்கள். நீலச் சுவர், வெள்ளை எழுத்து. எங்கள் கம்பெனி வேன் வந்து நிற்பதும் அந்தச் சுவருக்கு எதிரில்தான்.

முதல் நாள் காலையில் கூட்டம் கூடிப் பார்த்தது. நான் என் பெயரைத் தேடினேன். மேலிருந்து கீழே வந்தேன், காணவில்லை. கீழிருந்து மேலே போனேன். பக்கத்தில் நின்ற என் கூட்டாளி, பேக்கிங்கில் என்னோடு பெட்டி கட்டுகிறவன், தோளில் தட்டினான்.

"மாப்ள, அங்கன பாரு. தங்கச்சி பேருக்குப் பின்னால ஒளிஞ்சு நிக்க."

பட்டியலின் நடுவில் அவள் பெயர் பளிச்சென்று இருந்தது. அதற்குப் பிறகு ஒரு க, ஒரு கோடு, ஒரு பெ. அதற்கும் பிறகு, சுவரில் இடம் போதாமல் எழுத்தை நெருக்கி, என் பெயர். கடைசி எழுத்து ஜன்னல் சட்டத்தில் முட்டிக்கொண்டிருந்தது.

அவளோடு சரம் பின்னும் பெண்கள் அதைக் கொண்டாடினார்கள். வேனுக்கு நிற்கும்போது ஒருத்தி சுவரில் அவள் பெயரைத் தொட்டுக் காட்டுவாள். "ஏ வீட்டுக்காரி, வீட்டுக்கு எப்ப பால் காய்ச்சப் போற?" என்பாள் இன்னொருத்தி. வீட்டுக்காரி என்று நான் அவளை மற்றவர்களிடம் ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறேன். என் மனைவி என்ற அர்த்தத்தில்தான். இவர்கள் சொன்னபோது அந்த வார்த்தை வேறு மாதிரி இருந்தது. அவள் சிரித்துக்கொண்டு தலையைக் குனிவாள். ஆனால் வேன் கிளம்பும்போது ஜன்னல் வழியாக அந்தச் சுவரை ஒரு தடவை பார்த்துக்கொள்வாள். நான் பின் சீட்டில் இருந்து அவள் பார்ப்பதைப் பார்ப்பேன்.

ஆபீசுக்கு அலைந்ததெல்லாம் நான்தான். வேலைக்கு லீவு போட்டுவிட்டுப் போய் நிற்பேன். சுவரில் முன்னால் இருந்த பெயர்கள், வீடு கிடைக்கக் கிடைக்க, ஒவ்வொன்றாக அடிபட்டன. சில வருடம் இரண்டு மூன்று, ஒரு வருடம் ஒன்றுகூட இல்லை. எங்களுக்கு அடுத்தபடி இருந்த ஒரு கைம்பெண்ணுக்கு எங்களைத் தாண்டி முதலில் கொடுத்தார்கள். அதுதான் முறை, அவளுக்குத்தான் முதலில் கொடுக்க வேண்டும், அந்த மனுவையும் நான்தான் எழுதினேன். ஆனாலும் அவள் வீட்டு வழியாக நடப்பதை விட்டுவிட்டுச் சுற்றிப் போனேன். என் மனைவி அந்த வீட்டுக்குத் தளம் போட்ட அன்று போய்ச் சாந்துச்சட்டி தூக்கிவிட்டு வந்தாள்.

ஒரு பங்குனியில் தலைவருடைய கணவர், அதாவது தலைவர், எங்கள் வாசலில் வந்து மோட்டார் சைக்கிளை நிறுத்தினார். நான் வெளியே வந்து வணக்கம் சொன்னேன்.

"தங்கச்சி இல்லயா?" என்றார்.

"தண்ணிக்குப் போயிருக்கா. என்ன விசயம், எங்கிட்டச் சொல்லுங்க."

"வீடு சாங்சன் ஆயிருச்சுப்பா. நாளைக்கு ஆபீசுக்கு வரணும்."

எனக்கு நெஞ்சு குளிர்ந்துவிட்டது. "வந்துர்றேன் தலைவரே" என்றேன்.

"நீ வந்து என்ன செய்ய? அவுக வரணும். கையெழுத்து அவுகதான் போடணும்."

மறுநாள் நாங்கள் இருவரும் போனோம். அவள் கல்யாணத்துக்குக் கட்டும் சேலையைக் கட்டியிருந்தாள். அதிகாரியின் மேஜைக்கு முன்னால் ஒரே நாற்காலிதான் இருந்தது. நான் பழக்கத்தில் அதை நோக்கி நகர்ந்தேன். "நீங்க உக்காருங்கம்மா" என்றார் அவர். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் எங்கோ பார்த்தேன். அவள் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள்.

இடம் யாருடையது என்று கேட்டபோது, "இவுக இடம் சார்" என்று என்னைக் காட்டினாள். அப்படியானால் கட்டிக்கொள்ள எனக்கு ஆட்சேபணை இல்லை என்று ஒரு சம்மதக் கடிதம் வேண்டுமென்றார். ஊருக்கெல்லாம் எழுதிய கை அன்று என் இடத்தை அவளுக்கு விட்டுக்கொடுத்து எழுதியது. எழுதி முடித்தபோது, "நல்லா எழுதுறீங்களே" என்று அதிகாரி பாராட்டினார். அந்தப் பாராட்டை வாங்கி எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

வீடு கட்டக் கொத்தனார் வேறு எங்கிருந்தும் வரவில்லை, அவளுடைய தம்பியேதான். சாத்தூர்ப் பக்கம் வேலை பார்த்துக்கொண்டிருந்தவன், அக்காளுக்கு வீடு என்றதும் மட்டக்கோலும் நூலுமாக வந்துவிட்டான். நான் மச்சினன் என்று இதுவரை பெரிதாக நினைக்காத பையன், இப்போது என் இடத்தில் நின்றுகொண்டு, "அக்கா, அடுப்படி எங்கன வரணும்?" என்று அவளிடம் கேட்டான்.

நான் வாசலைத் தெருப்பக்கம் வைக்கச் சொன்னேன். வருகிற போகிறவர்கள் பார்க்கட்டும் என்ற ஆசை.

"தெருப்பக்கம் மேற்கு, சாயங்கால வெயிலு உள்ள அடிக்கும்" என்றாள் அவள். "கெளக்க வச்சா காலைல வெளிச்சம் வரும். விடியக்கால சமைக்கிறவ நாந்தான."

"அக்கா சொல்றதுதான் சரி மச்சான்" என்று அவன் கிழக்கே முளையை அடித்துவிட்டான்.

பேஸ்மட்டம் வரைக்கும் நானும் கூட நின்றேன். கல் எடுத்துக் கொடுத்தேன், தண்ணீர் தெளித்தேன். பேஸ்மட்டம் முடிந்ததும் அடுத்த தவணைக்காக ஓவர்சியர் கேமராவோடு வந்தார். அளந்து பார்த்தார். பிறகு, போட்டோ எடுக்கணும், வந்து நில்லுங்க என்றார். நான் குளித்து, சட்டை மாற்றி, தலை சீவித்தான் இருந்தேன். அவள் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு சேலையைச் சரிசெய்துகொண்டு வந்து நின்றாள். அவளுக்குப் பக்கத்தில் நான் நின்றேன்.

ஓவர்சியர் கேமராவைக் கண்ணில் வைத்தவர் இறக்கினார்.

"சார், நீங்க கொஞ்சம் தள்ளிக்கோங்க. பயனாளி மட்டும்."

"நான் வீட்டுக்காரர் சார்."

"தெரியுது சார். பயனாளி மட்டும்தான் இருக்கணும். ஃபைல்ல வைக்கிறது."

தள்ளினேன். "இன்னும் கொஞ்சம், உங்க நிழல் விழுது" என்றார். இன்னும் தள்ளினேன். மச்சினன் சாந்துக்கரண்டியைப் பிடித்தபடி சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றான். அவள் கைகளைத் தொங்கவிட்டு, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி நிமிர்ந்து நின்றாள். கேமரா வெளிச்சம் அடித்தது. எங்கள் கல்யாணத்தில் போட்டோ எடுத்தவன் அவளை எத்தனையோ தடவை நிமிரச் சொல்லியும் நிமிராதவள் அவள்.

அன்றிலிருந்து நான் அந்த இடத்துக்குப் போவதைக் குறைத்தேன்.

தீபாவளி முடிந்ததும் பட்டாசுக் கம்பெனிகள் கொஞ்ச நாள் மூடியிருக்கும். மற்ற வருடங்களில் நான் வீட்டில் படுத்துக் கிடப்பேன். அந்த வருடம் சிவகாசியில் காலண்டர் சீசனுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று ஒரு பையில் இரண்டு கைலியைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினேன்.

"தளம் போடுற நேரத்துல போறீகளே" என்றாள்.

"உன் தம்பி இருக்கான்ல."

"தம்பி இருக்கான். நீங்க?"

"காசு வேணும்ல. சும்மா உக்காந்திருந்தா ஆகுமா?"

காசுக்காகப் போகவில்லை என்று இருவருக்கும் தெரியும். ஒரு காலண்டர் ஆபீஸில் தேதித்தாள் கட்டுகளை அட்டையில் வைத்துத் தகரம் அடிக்கும் வேலை. அங்கேயே படுக்கை. தளம் போடும் ஞாயிற்றுக்கிழமை எது என்று மகளை விட்டு ஆபீஸ் போனில் சொல்லச் செய்திருந்தாள். அன்று போகவில்லை. வேலை அதிகம் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். நாள் முழுக்கத் தகரத்தை அடித்தேன். மனதுக்குள் அங்கே ஆள் கிடைத்திருக்காது, சாந்து இறுகியிருக்கும், என்னை நினைத்து அழுதிருப்பாள் என்று ஓடிக்கொண்டிருந்தது. அப்படி நடந்திருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன் என்றுகூடச் சொல்லலாம்.

மறுநாள் சாயங்காலம் பஸ்ஸில் போய் இறங்கினேன். தளம் போட்டு முடித்து, வரப்புக் கட்டித் தண்ணீர் தேக்கியிருந்தார்கள். ஒரு விரிசல் இல்லை. கம்பெனி மூடியிருந்ததால் அவளோடு சரம் பின்னும் பெண்கள் அத்தனை பேரும் வந்து வரிசையில் நின்று சட்டி கைமாற்றியிருக்கிறார்கள். மத்தியானத்துக்குள் வேலை முடிந்து, கறிக்குழம்பு வைத்து எல்லோருக்கும் போட்டிருக்கிறாள். மிச்சம் இருந்த குழம்பை எனக்குச் சூடுபண்ணிப் போட்டாள். அதைச் சாப்பிடும்போது என் பெரிய மகள், அந்த அக்கா பாட்டுப் பாடினாள், இந்த அத்தை சட்டியோடு வழுக்கி விழுந்தாள் என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். என் மனைவியும் சிரித்தாள். எனக்குத் தெரியாத ஒரு சிரிப்பு. நான் இல்லாத ஒரு நாள் அவள் வாழ்க்கையில் இவ்வளவு நன்றாக இருந்திருக்கிறது. அந்தக் கறிக்குழம்பு அவள் வைத்ததிலேயே நல்ல குழம்பு என்பது இன்னும் எரிச்சலாக இருந்தது.

தை மாதம் பால் காய்ச்சினாள். நான் வேட்டி கட்டிக்கொண்டு போய், வந்தவர்களை வாங்க வாங்க என்று கூப்பிட்டேன். வந்தவர்கள் அவளிடம்தான் வீட்டைச் சுற்றிக் காட்டச் சொன்னார்கள். என் கூட்டாளி இலையிலிருந்து நிமிர்ந்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "என்ன மாப்ள, இனி வீட்டோட மாப்பிள்ளையா?" என்றான். பந்தியே சிரித்தது. அவன் விளையாட்டுக்குத்தான் சொன்னான். எனக்குக் காது வரைக்கும் சூடாகிவிட்டது.

சாயங்காலம் எல்லோரும் போனதும் அவளும் பிள்ளைகளும் சட்டி பானைகளைப் புது வீட்டுக்கு மாற்றினார்கள். நான் பழைய வீட்டில், எங்கள் பாதியில், பாயை விரித்தேன். அவள் வந்து பார்த்தாள்.

"அங்கன வரலயா?"

"அது உன் வீடு. எனக்கு இது போதும்."

கெஞ்சுவாள் என்று நினைத்தேன். என் தலையணையை எடுத்துத் தட்டி வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு முருங்கை மரம்தான் தூரம். சின்ன மகள் தூக்குவாளியில் சோறு கொண்டுவருவாள். காலையில் ஒரே வேனில் போவோம், ஒரே வேனில் வருவோம், முருங்கை மரத்தடியில் பிரிவோம். அண்ணன் தட்டிக்கு அந்தப் பக்கமிருந்து, "ஏலே, உனக்கு என்ன கேடு?" என்று கேட்டுப் பார்த்தார். நான் திரும்பிப் படுத்துக்கொண்டேன். புது வீட்டு ஜன்னலில் அவள் தலைவாருவது தெரியும். பிள்ளைகள் தளத்தின்மேல் ஏறி விளையாடுவது கேட்கும். என் வீட்டுக் கூரைமேல் யாரும் ஏறி விளையாடியது கிடையாது, ஏறினால் உள்ளே விழுவார்கள்.

கடைசித் தவணை மட்டும் நின்றுபோயிருந்தது. ஓவர்சியர் வந்து பார்த்துவிட்டு, கழிப்பறை கட்டினால்தான் வீடு முடிந்ததாகக் கணக்கு என்றார். நான் பழைய வீட்டுக்குள் உட்கார்ந்து அவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"குழி தோண்டி சிமெண்டு உறை இறக்கணும்மா. ஆள் இருக்கா? உங்க வீட்டுக்காரர் எங்க?"

"அவுக வேலைக்குப் போயிருக்காக சார். வந்ததும் தோண்டிருவாக."

நான் உள்ளேதான் இருக்கிறேன் என்று அவளுக்குத் தெரியும். தட்டிக்கு அந்தப் பக்கம் அண்ணி களுக்கென்று சிரித்தாள்.

அவர் போன பிறகும் அவள் வந்து கேட்கவில்லை. மறுநாள் காலையில் கம்பெனிக்குக் கிளம்பும் முன்னால் அவளே ஒரு கடப்பாரையை எடுத்து வீட்டுக்குப் பின்னால் குத்திக்கொண்டிருந்தாள். கரிசல் ஒரு முழம்தான். அதற்குக் கீழே சுக்கான் பாறை. கடப்பாரை டணார் டணார் என்று எகிறியது. அதை நான் பொறுத்துக்கொண்டிருந்தேன், உண்மையைச் சொன்னால் கொஞ்சம் திருப்தியாகக்கூட இருந்தது. அன்று சாயங்காலம் சோறு கொண்டுவந்த சின்ன மகள், "மாமா ஞாயித்துக்கிழமை வருது. வந்து குழி தோண்டப்போகுது" என்றாள்.

"எந்த மாமா?"

"கொத்தனார் மாமா."

சுவர் அவன், தளம் அவன், வாசல் அவன். இப்போது அதுவும் அவனா? நாளைக்கு ஊரில் என்ன சொல்வார்கள்? சோற்றைப் பிசைந்தபடியே இருந்தேன்.

சனிக்கிழமை வேலைக்குப் போகவில்லை. வேன் போன பிறகு, அண்ணன் வீட்டுக் கடப்பாரையையும் மண்வெட்டியையும் எடுத்துக்கொண்டு புது வீட்டின் பின்னால் போனேன். அவள் குத்தியிருந்த இடம் சுவரை ஒட்டி இருந்தது. அஸ்திவாரத்துக்கு ஆகாது. தள்ளி ஒரு வட்டம் போட்டு ஆரம்பித்தேன். பேக்கிங் வேலை பார்த்து மென்மையாகிப்போன கை. பத்து மணிக்குள் உள்ளங்கை கிழிந்துவிட்டது. துண்டைச் சுற்றிக்கொண்டு குத்தினேன். பாறைச் சில்லு முகத்தில் அடித்தது. அவன் வருவதற்குள் முடித்துவிட வேண்டும், அதுதான் என் மனதில் இருந்த ஒரே நினைப்பு. அவள் பேரில் இரக்கமோ வீட்டின் பேரில் ஆசையோ அப்போது இல்லை.

சாயங்காலம் அவள் வேனிலிருந்து இறங்கி நேராக அங்கே வந்தாள். நான் இடுப்பளவு குழிக்குள் நின்றுகொண்டிருந்தேன். உள்ளே போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து குழியின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"யாரு கூப்பிட்டா உங்கள?"

"யாரும் கூப்பிடல."

"கூப்பிட்டா வரமாட்டீக. கூப்பிடலைனா வருவீக."

"உன் தம்பியக் கூப்பிட்டிருக்கயே, அவனுக்கு எம்புட்டு வேல இருக்கும்."

அவள் சிரித்துவிட்டாள். சரம் பின்னும் பெண்களோடு சிரிக்கும் அதே சிரிப்பு. பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னாள்.

"எனக்கு மட்டும் பொறாம இல்லனு நெனச்சீகளா? ஊர்ல இருக்க பொம்பளைகள்லாம் நம்ம வாசல்ல வந்து உக்காருவாக. பேரு என்ன, வயசு என்ன, பெறந்த ஊரு எதுனு ஒவ்வொருத்திகிட்டயும் கேட்டுக் கேட்டு எழுதுவீக. நான் உள்ள அடுப்ப ஊதிக்கிட்டுக் கேட்டுக்கிட்டே இருப்பேன். எங்கிட்ட ஒரு நா கேட்டீகளா? என் மனுவுல என் வயச நீங்களா ஒண்ணு போட்டீக. மூணு வயசு கூட."

"சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா இன்னொரு தாளு வாங்கி எழுதணும்பீக. உங்க பேரையே எழுதிட்டாலும் எழுதிருவீக. அதான் பேசாம கையெழுத்துப் போட்டேன்."

தண்ணீரைக் குடித்தேன். "என் கையி கிழிஞ்சுபோச்சு" என்றேன்.

"ஏறி வாங்க. தேங்காயெண்ணெ தடவுறேன்."

கைகொடுத்து மேலே தூக்கிவிட்டாள். சரம் பின்னிப் பின்னி உறுதியான கை. புது வீட்டுக்குள் போய்க் கிழக்கு வாசலில் உட்கார்ந்தேன். சாயங்கால வெயில் உள்ளே வரவில்லை, சிலுசிலுவென்று இருந்தது. அவள் சொன்னது சரிதான் என்று நான் சொல்லவில்லை. அங்கேயே சாப்பிட்டேன். சாப்பிட்டுவிட்டு எழுந்து பழைய வீட்டுக்குப் போய் என் பாயையும் தலையணையையும் எடுத்து வந்தேன். பெரிய மகள் தங்கையை விலாவில் இடித்தாள். இருவரும் ஒன்றும் தெரியாதது போலப் புத்தகத்தைப் பார்த்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மச்சினன் தோளில் கடப்பாரையோடு வந்தான். பின்பக்கம் போனவன் அப்படியே நின்றுவிட்டான்.

"யாரு மச்சான் தோண்டுனது?"

"யாரோ எதுக்கு வரணும்? வீட்டுல ஆளா இல்ல?" என்றேன். அவன் முகம் சப்பென்று ஆனது. அந்த வீடு கட்ட ஆரம்பித்ததிலிருந்து எனக்குக் கிடைத்த முதல் சந்தோஷம் அதுதான். காப்பித் தம்ளரைப் பிடித்துக்கொண்டு குழியின் ஓரத்தில் காலை அகட்டி நின்றேன்.

அவன் குழிக்குள் குதித்து ஒரு சுற்றுப் பார்த்தான். கையை விரித்து அளந்தான்.

"நல்ல ஆழம். ஆனா அகலம் பத்தாது மச்சான். உறை இறங்காது."

"அதெல்லாம் இறங்கும்."

"இறங்காது."

"இறங்கும்டா. நான் அளந்துதான் வெட்டிருக்கேன்."

அவள் வாங்கிப் போட்டிருந்த உறையை உருட்டிக்கொண்டுவந்து இருவருமாகச் சேர்ந்து இறக்கிப் பார்த்தோம். பாதியில் சிக்கிக்கொண்டது. மேலேயும் வரவில்லை, கீழேயும் போகவில்லை. அடுப்படி ஜன்னலிலிருந்து அவள் எட்டிப் பார்த்தாள். நான் அவளைப் பார்க்காமல், "நீ அந்தப் பக்கம் கொத்து, நான் இந்தப் பக்கம் கொத்துறேன்" என்று மச்சினனிடம் சொன்னேன். அவன் கடப்பாரையை ஓங்கினான்.